மாறுகண் ஆபரேஷன் முடிஞ்சா ஆழம் தெரியுமா? முன்னாடி, பின்னாடி என்ன செய்யணும்னு முழு வழிகாட்டி

கட்டு பிரிச்ச அன்னிக்கு கண்ணாடியில பாத்தேன், வலது கண்ணு செக்கச்செவேல்னு இருந்தாலும் நேரா நின்னுச்சு. அந்த சந்தோஷத்துலயே தண்ணி குடிக்கலாம்னு ஜக்கை எடுத்து டம்ளர்ல ஊத்தினா பாதி தண்ணி மேஜை மேல. கண்ணு கோணலா இருந்த இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் இப்படி சிந்தினதில்ல, இப்ப 31 வயசுல, கண்ணை நேராக்கினதுக்கு அப்புறம் சிந்தறேன்!

ஆபரேஷன்ல நேராகறது கண்ணு. அந்த ரெண்டு கண்ணு அனுப்புற படத்தையும் ஒண்ணா சேத்து "இது இவ்வளவு தூரத்துல இருக்கு"ன்னு சொல்றது மூளை, அதுக்கு டாக்டர் தையல் போட முடியாது. முதல் வேலை ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ரெண்டாவது வாரக்கணக்குல மாசக்கணக்குல நடக்கும், சிலருக்கு முழுசா நடக்காமயும் போகும். இது தெரியாம போறவங்கதான் நல்லா நடந்த ஆபரேஷனையே தோல்வின்னு நெனச்சு உடைஞ்சு போறாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல இந்த ஆழம்னா என்னன்னு

கட்டை விரலை முகத்துக்கு நேரா நீட்டி ஒரு கண்ணை மூடுங்க, அப்புறம் மாத்தி இன்னொண்ணை மூடுங்க. விரல் இடது பக்கம் வலது பக்கம் தாவுதுல்ல? ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி இருக்கறதால ரெண்டுக்கும் படம் கொஞ்சம் வித்தியாசமா விழுது, அந்த வித்தியாசத்தை வச்சே மூளை தூரத்தைக் கணக்குப் போடுது. 1838லயே சார்லஸ் வீட்ஸ்டோன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம் காட்டற ஒரு கருவி செஞ்சு இதைக் காட்டிட்டார்.

ஆனா ஆழம் தெரிய இது ஒண்ணுதான் வழின்னு இல்ல. முன்னாடி இருக்கறது பின்னாடி இருக்கறதை மறைக்கும், தூரத்துல உள்ளது சின்னதா தெரியும், நிழல் விழும், தலையை அசைச்சா கிட்ட உள்ளது வேகமா நகரும் தூரத்துல உள்ளது மெதுவா நகரும். இதெல்லாம் ஒத்தைக் கண்ணுக்கே போதும். சின்ன வயசுல இருந்தே மாறுகண் உள்ளவங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க, அதனாலதான் மாடிப்படி ஏறுவாங்க, பந்து விளையாடுவாங்க, தங்களுக்கு ஆழம் தெரியலைன்னே தெரியாம இருப்பாங்க. ரெண்டு கண்ணு சேந்த பார்வை பெரிய வித்தியாசம் காட்டறது கை எட்டுற தூரத்துலதான், ஊசியில நூல் கோக்கறது, தண்ணி ஊத்தறது, ஸ்க்ரூ முடுக்கறது மாதிரி வேலையில.

படி 1: நீங்க எந்த வகைன்னு தெரிஞ்சுக்குங்க

ஆபரேஷனுக்கு அப்புறம் ஆழம் வருமா வராதாங்கறதுல பாதி பதில் இங்கயே இருக்கு. பெரியவங்களான அப்புறம் மாறுகண் வந்தவங்க, அதாவது நரம்பு பலவீனம், தைராய்டு, அடிபட்டது இப்படி காரணத்தால, அவங்க மூளை ஏற்கனவே ரெண்டு கண்ணையும் சேத்துப் பாக்கக் கத்துக்கிட்டது, கண்ணு விலகினதும் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சிருக்கும். இவங்களுக்கு கண்ணை நேராக்கினா பழைய திறமை பெரும்பாலும் சீக்கிரமே திரும்பிடும். தைராய்டு, நரம்பு பலவீனம் மாதிரி காரணம்னா மாறுகண்ணோட அளவு மாறாம சில மாசம் நிக்கட்டும்னு டாக்டர் காத்திருப்பார், அவசரப்படுத்தாதீங்க.

அடுத்து என்னை மாதிரி ஆளுங்க. களைப்பா இருந்தா, வெயில்ல நின்னா, எங்கயாவது வெறிச்சுப் பாத்துட்டு இருந்தா கண்ணு வெளிய போகும், மத்த நேரம் நேரா இருக்கும். நேரா இருக்கற நேரத்துல மூளை சேத்துப் பாக்கறதால அஸ்திவாரம் இருக்கும், நம்பிக்கையோட போகலாம்.

மூணாவது, பிறந்து ஆறு மாசத்துக்குள்ளயே கண்ணு உள்பக்கம் திரும்பின குழந்தைங்க. குழந்தைக்கு ஆழப் பார்வை முளைக்கறதே மூணுல இருந்து அஞ்சு மாசத்துல, சரியா அந்த நேரத்துல கண்ணு ஒத்துழைக்கலைன்னா மூளையில ரெண்டு கண்ணுக்கும் பொதுவா வேலை செய்யற செல்லுங்க குறைஞ்சு போயிடும். மாறுகண் வர வச்ச பூனைக்குட்டிங்க மூளையில இதைப் பாத்தவங்க டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும், பார்வை எப்படி மூளையில உருவாகுதுங்கற அவங்க மொத்த ஆராய்ச்சிக்கு 1981ல நோபல் பரிசு கெடைச்சது. அதனாலதான் இந்தக் குழந்தைகளுக்கு ரெண்டு வயசுக்குள்ளயே ஆபரேஷன் பண்ணப் பாக்கறாங்க, அப்பவும் வர்றது பெரும்பாலும் கரடுமுரடான ஆழம்தான், நுணுக்கமானது அபூர்வம்.

அப்போ வளந்தவங்களுக்குக் கதவு மூடிடுச்சான்னா, முழுசா மூடிடுச்சுன்னும் சொல்ல முடியல. சூசன் பேரின்னு அமெரிக்காவுல ஒரு நரம்பியல் பேராசிரியை, குழந்தையிலயே மாறுகண், சின்ன வயசுலயே ஆபரேஷன் எல்லாம் ஆச்சு, ஆழம் மட்டும் வரல. 48 வயசுல கண் பயிற்சி எடுத்து முதல் தடவையா எல்லாம் முப்பரிமாணமா தெரிஞ்சது. இதைப் படிச்சிட்டு "எனக்கும் வரும்"னு துள்ளாதீங்க, "எனக்கு வரவே வராது"ன்னும் முடிவு கட்டாதீங்க.

படி 2: ஆபரேஷனுக்கு முன்னாடியே அளந்து வச்சுக்குங்க

இதை நிறைய பேர் தவற விடறாங்க. முன்னாடி என்ன அளவுன்னு தெரியலைன்னா பின்னாடி முன்னேறிச்சான்னு எப்படி சொல்வீங்க? மாறுகண் அளவு ப்ரிஸம் (ஒளியைத் திருப்பி விடற ஆப்பு வடிவக் கண்ணாடி) கணக்குல குறிப்பாங்க, கிட்டப் பாக்கும்போது எவ்வளவு தூரத்துல பாக்கும்போது எவ்வளவுன்னு ரெண்டும் எழுதி வாங்கிக்குங்க.

ஆழத்துக்கு ஒரு ஈ படம் வச்ச புத்தகம் காட்டுவாங்க, போலராய்டு கண்ணாடி போட்டுக்கிட்டு அந்த ஈயோட இறக்கையை ரெண்டு விரலால புடிக்கச் சொல்வாங்க. ஆழம் தெரியறவங்க விரல் தாளைத் தொடாது, தாளுக்கு மேல காத்துல நிக்கும், சில குழந்தைங்க ஈ கடிச்சிடும்னு கையையே நீட்டாதுங்க. அடுத்த பக்கத்துல வட்டங்க இருக்கும், நாலுல எது எழும்பி இருக்குன்னு சொல்லணும், 800 நொடியில ஆரம்பிச்சு 40 வரைக்கும் இறங்கும் (ஒரு டிகிரியை 3600ஆப் பிரிச்சா அதுல ஒரு துண்டு ஒரு நொடி, எண் குறையக் குறைய நுணுக்கமான பார்வை). நான் மூணு வட்டம் சரியா சொல்லி 200ன்னு எழுத வச்சுட்டேன், உண்மை என்னன்னா அந்த முதல் சில வட்டங்கள்ல ஒண்ணு லேசா பக்கவாட்டுல ஒதுங்கி நிக்கும், ஒத்தைக் கண்ணுலயே கண்டுபுடிச்சிடலாம், நான் பரிட்சையில காப்பி அடிச்ச மாதிரிதான். ஒத்தைக் கண்ணுக்கு வெறும் புள்ளிங்க மட்டும் தெரியற, ரெண்டு கண்ணும் சேந்தாதான் உருவம் எழும்பற கார்டைக் காட்டினப்ப என் குட்டு உடைஞ்சது, ஒரு உருவமும் தெரியல. அதனால புள்ளி கார்டு டெஸ்ட்டும் பண்ணுங்கன்னு நீங்களே கேளுங்க.

சோம்பேறிக் கண் இருந்தா, அதாவது ஒரு கண்ணுல கண்ணாடி போட்டும் பார்வை குறைவுன்னா, அதுக்கு நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடற சிகிச்சையைப் பெரும்பாலும் முதல்லயே ஆரம்பிப்பாங்க. ஆபரேஷன் கண்ணை நேராக்கும், பார்வையைக் கூட்டாது. பவர் கண்ணாடியும் பெரும்பாலும் தொடரும், கண்ணாடி போகும்னு ஆபரேஷனுக்குப் போகாதீங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியை பேப்பர்ல எழுதிட்டுப் போங்க: எனக்கு சேத்துப் பாக்கற திறமை இருக்கா, எந்தக் கண்ணுல எந்தத் தசை, அப்புறம் ரெண்டா தெரிஞ்சா எத்தனை நாளைக்கு எதிர்பாக்கலாம், ரெண்டாவது ஆபரேஷன் தேவைப்பட வாய்ப்பு எவ்வளவு. கடைசி கேள்வியைக் கேக்க சங்கடப்படாதீங்க, மறுபடி செய்ய வேண்டி வர்றது இந்த ஆபரேஷன்ல அபூர்வம் இல்ல, அது யார் தப்பும் இல்ல.

படி 3: ஆபரேஷன் அன்னிக்கு

கண்ணை வெளிய எடுத்து வச்சு செய்வாங்கன்னு ஒரு கதை சுத்துது, சுத்தப் பொய். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசை புடிச்சிருக்கு, வெள்ளைப் பகுதி மேல இருக்கற மெல்லிய தோலை மட்டும் கொஞ்சம் திறந்து, அதிகமா இழுக்கற தசையைக் கழட்டி சில மில்லிமீட்டர் பின்னாடி தைப்பாங்க, தொளதொளன்னு இருக்கற தசையைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கித் தைப்பாங்க, அவ்வளவுதான். கண்ணுக்குள்ள போறதே இல்ல. நல்ல கண்ணுலயும் கை வைப்பாங்க சில சமயம், பயப்படாதீங்க, ரெண்டும் ஜோடியா இழுக்கற மாடு மாதிரி.

குழந்தைங்களுக்கு முழு மயக்கம், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம் பெரும்பாலும். மயக்கம் தெளிஞ்சதும் வாந்தி வர்றது இந்த ஆபரேஷன்ல கொஞ்சம் அதிகம், முன்னாடியே சொல்லி வச்சா மருந்து தருவாங்க.

பெரியவங்களுக்கு சில டாக்டர்கள் இழுத்து சரி பண்ணக்கூடிய முடிச்சு போடுவாங்க. எனக்கு அதுதான். மயக்கம் தெளிஞ்ச அப்புறம் மரத்துப்போற சொட்டு ஊத்தி, எதிர் சுவத்துல ஒரு எழுத்தைப் பாக்கச் சொல்லி, ஒரு கண்ணை மறைச்சு மறைச்சுப் பாத்து, அப்புறம் நூலை லேசா இழுத்து முடிச்சு போட்டார் டாக்டர். வலி இல்ல, ஆனா கண்ணுக்குப் பின்னால யாரோ கயிறு இழுக்கற மாதிரி ஒரு உணர்வும் வயித்தைப் புரட்டறதும் இருந்துச்சு. கண் தசையை இழுத்தா இதயத்துடிப்பு குறையறது தெரிஞ்ச விஷயம், அதனால தலை சுத்துனா உடனே வாயைத் திறந்து சொல்லுங்க, வீரம் வேண்டாம்.

படி 4: முதல் ரெண்டு வாரம்

முதல் ரெண்டு நாள் கண்ணை உருட்டினா வலிக்கும், மண் விழுந்த மாதிரி உறுத்தும் (தையல் முனைதான் அது, தானா கரைஞ்சிடும்), கண்ணீர் லேசா ரத்தக் கலர்ல வரும், காலையில இமை ஒட்டிக்கும். கொதிச்சு ஆறின தண்ணியில சுத்தமான பஞ்சை நனைச்சு வெளிப்பக்கமா மட்டும் துடைங்க. சிவப்பு போக ரெண்டு மூணு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும்.

சொட்டு மருந்தை சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போடுங்க. அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சிவப்பு இன்னும் போகலையேன்னு நீங்களா நீட்டிச்சா கண்ணுக்குள்ள பிரஷர் ஏற வாய்ப்பிருக்கு. தலைக்கு ஊத்தறது, நீச்சல், தூசி இதெல்லாம் தள்ளி வைங்க, நீச்சலுக்கு ரெண்டுல இருந்து நாலு வாரம். கண்ணைக் கசக்கவே கூடாது. டிவி, போன், படிக்கறது எதுவும் தையலைப் பாதிக்காது, வலிச்சா நிறுத்துங்க போதும், இருட்டு ரூம்ல அடைஞ்சு கிடக்க வேண்டியதில்ல.

எப்ப ஓடணும்னு மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க. வலி நாளாக நாளாகக் குறையாம ஏறுது, இமை வீங்கி மூடுது, மஞ்சளா சீழ் வருது, காய்ச்சல், பார்வை மங்குது, இல்ல நேத்து நேரா இருந்த கண்ணு இன்னிக்கு திடீர்னு ஒரு பக்கமே திரும்ப மாட்டேங்குது. இந்தக் கடைசி ஒண்ணு தைச்ச தசை நழுவினதா இருக்கலாம், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போங்க.

படி 5: ரெண்டு ரெண்டா தெரியற கட்டம்

எனக்கு பயத்தைக் கெளப்பினது இதுதான். கதவைப் பாத்தா ரெண்டு கதவு, எதிர்ல வர்றவருக்கு ரெண்டு தலை, எதைப் புடிக்கறதுன்னு தெரியல, ஜக்கு கதையும் இதனாலதான். மூளை இத்தனை வருஷமா கோணல் கண்ணோட கணக்குலயே ஓட்டிட்டு இருந்தது, இப்ப திடீர்னு கண்ணோட முகவரியை மாத்தி வச்சா தபால் ரெண்டு வீட்டுக்கும் போகத்தான் செய்யும். அதோட, வெளிய போற கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணும்போது நிறைய டாக்டர்கள் வேணும்னே கொஞ்சம் உள்பக்கமா நிறுத்துவாங்க, அது வாரக்கணக்குல தளந்து நேராகும்னு கணக்கு. இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல, போச்சு எல்லாம் போச்சுன்னு மூணு நாள் சாப்பிடாம கிடந்தேன்.

பெரும்பாலானவங்களுக்கு சில நாள்லயோ சில வாரத்துலயோ ரெண்டும் நெருங்கி நெருங்கி ஒண்ணாகிடும், இல்லன்னா மூளை ஒண்ணைக் கண்டுக்காம விட்டுடும். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, ஏணியில ஏறாதீங்க. படிக்கறப்ப தொல்லையா இருந்தா பெரியவங்க கண்ணாடியில ஒரு பக்கம் மங்கலான டேப் ஒட்டிக்கலாம், ஆனா நாள் முழுக்க மூடி வச்சா ரெண்டு கண்ணும் சேரப் பழகற வாய்ப்பே போயிடும். குழந்தைன்னா டாக்டரைக் கேக்காம எதையும் மூடாதீங்க. ஆறு வாரம் தாண்டியும் நிக்குதுன்னா கண்ணாடி மேல ஒட்டற ப்ரிஸம் தாள் இருக்கு, அதைக் கேளுங்க.

படி 6: ஆழத்தை வீட்டுல சோதிக்கறதும் பழக்கறதும்

சோதனைக்கு ரெண்டு பென்சில் போதும். ஒருத்தர் ஒரு பென்சிலை முனை மேல இருக்கற மாதிரி செங்குத்தா புடிக்கணும், நீங்க உங்க பென்சிலை மேல இருந்து சட்டுன்னு இறக்கி முனையோட முனை தொடணும். பக்கத்துல இருந்து தடவித் தடவி வரக்கூடாது. ரெண்டு கண்ணையும் திறந்து பத்து தடவை, ஒரு கண்ணை மூடி பத்து தடவை. திறந்து பண்ணும்போது நல்லா கூடுதலா தொட்டா குறைஞ்சபட்சம் கரடுமுரடான ஆழமாவது இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது வாரம் அக்காவை புடிக்கச் சொன்னேன், "டேய், நீ பென்சிலைத் தொடல, காத்தைக் குத்திட்டு இருக்கே"ன்னு சிரிச்சா. பத்துக்கு மூணு, ஒரு கண்ணை மூடினாலும் மூணு.

பழக்கறதுக்கு மணி கோத்த கயிறு. ஒரு மீட்டர்ல இருந்து மூணு மீட்டர் வரைக்கும் நீளமான நூல், மூணு கலர்ல மணி, ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில கட்டி இன்னொரு முனையை மூக்கு நுனியில வச்சுக்கணும். நடு மணியைப் பாத்தா மணி ஒண்ணாவும் நூல் ரெண்டாவும் தெரிஞ்சு அந்த மணிகிட்ட பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கணும், முன்னாடி பின்னாடி இருக்கற மணிங்க ரெண்டு ரெண்டா தெரியணும். இங்க ரெண்டா தெரியறதுதான் சரி, பயந்துடாதீங்க. ஒரு நூல் மட்டும் தெரிஞ்சா மூளை ஒரு கண்ணை அணைச்சு வச்சிருக்கு. வெட்டுற இடம் மணிக்கு முன்னாலயே விழுந்தா கண்ணு தேவைக்கு மேல உள்ள வருது, பின்னால விழுந்தா போதுமான அளவு வரல. என் நூல் முதல் நாலு நாள் வலது பக்கம் பாதியில காணாமப் போயிடும், கண்ணை ரெண்டு தடவை சிமிட்டினா மின்னல் மாதிரி வந்துட்டுப் போகும், அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வந்தது போகவே இல்ல.

ஆனா ஒரு எச்சரிக்கை, இதை நீங்களா ஆரம்பிக்காதீங்க. சேத்துப் பாக்கற திறமையே இல்லாதவங்க மூளை ஒரு கண்ணை அணைச்சு வச்சிருக்கறது ஒரு பாதுகாப்பு, அதை வீட்டுல உக்காந்து உடைச்சிட்டா நிரந்தரமா ரெண்டா தெரியற நிலைமைக்குப் போயிடலாம், அது மாறுகண்ணைவிடக் கொடுமை. கண் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்ங்கறதுல டாக்டர்களுக்குள்ளயே ஒருமித்த கருத்து இல்ல, என் டாக்டர் தலையசைச்ச அப்புறம்தான் நான் நூலை எடுத்தேன், நாளைக்குப் பத்து நிமிஷம், அதுக்கு மேல தலைவலிதான். இதை பெரிய காசுக்கு பேக்கேஜா விக்கறவங்க "கண்டிப்பா த்ரீ டி வரும்"னு அடிச்சு சொன்னா எழுந்து வந்துடுங்க.

பயிற்சி இல்லாத நேரத்துல அன்றாட வேலையே பயிற்சி. பந்தை மெதுவா தூக்கிப் போட்டுப் புடிங்க, அரிசி, பருப்பை ஸ்பூனால ஒரு டப்பாவுல இருந்து இன்னொரு டப்பாவுக்கு மாத்துங்க, ஊத்தும்போது ஜக்கோட வாயை டம்ளர் விளிம்புல தொட வச்சு ஊத்துங்க. இறங்கற படிதான் ஆபத்து, ஏறுறதைவிட இறங்கும்போது கைப்பிடியை விடாதீங்க.

படி 7: ரெண்டு மாசம், மூணு மாசம்

கண்ணு ஒரு நிலைக்கு வர ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி வெற்றி தோல்வின்னு பேசாதீங்க. அந்த நேரத்துல கண்ணாடி பவரையும் மறுபடி பாக்கச் சொல்லுங்க, தசையை மாத்தித் தைச்சதால சிலருக்கு பவர் லேசா மாறியிருக்கும். ஆழம் டெஸ்ட்டை முன்னாடி எடுத்த அதே கார்டுலயே எடுங்க. ஆழம் வரலைன்னாலும் கணக்குல எழுதிக்க வேற விஷயம் இருக்கு, உள்பக்கம் திரும்பியிருந்த கண்ணுன்னா பக்கவாட்டுப் பார்வை விரியும், கழுத்தைச் சாய்ச்சுப் பாத்த பழக்கம் போகும், எதிர்ல பேசறவங்க "யாரைப் பாக்கறீங்க"ன்னு பின்னால திரும்பிப் பாக்க மாட்டாங்க. வருஷங்கள் கழிச்சு கண்ணு மறுபடி நகரலாம், அதனால செக்கப்பை விட்டுடாதீங்க.

எனக்கு ஒன்பதாவது வாரம். மொட்டை மாடியில துணி எடுக்கப் போனேன், கொடிக்கயிறுல வரிசையா கிளிப் மாட்டியிருந்தது, எப்பவும் ஒரே தட்டுல ஒட்டி வச்ச மாதிரி தெரியற வரிசை. அன்னிக்கு ஒவ்வொரு கிளிப்புக்கும் நடுவுல காலி இடம் இருந்துச்சு, முதல் கிளிப் என் மூக்குகிட்ட வந்து நின்னுச்சு, நான் ஒரு அடி பின்னால போயிட்டேன். துணியை எடுக்கவே மறந்துட்டேன்.

பன்னெண்டாவது வாரம் புள்ளி கார்டுல ரெண்டு உருவம் தெரிஞ்சது, சின்னதுங்க தெரியல. வீட்டுக்கு வந்து அக்கா கையில பென்சிலைக் குடுத்தேன். பத்துக்கு எட்டு. "எங்க, ஒத்தைக் கண்ணை மூடிட்டு பண்ணு பாப்போம்"னா. மூணுதான்.